நசிந்த இரண்டு சீப்பு

சிவமணி ரீச்சரிடம் நாலாம் வகுப்புப் படித்த பிள்ளையை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிக்கலாம். எதையாவது வாசித்துவிட்டுக் கதைக்க வந்தால், வாய் திறக்க முதல் விரல் போய் வரியின் மேல் குந்திவிடும். அப்படிப் பழக்கி வைத்திருந்தாள். கொட்டாஞ்சேனையில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம் அது. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு கரும்பலகைதான் மறைப்பு. பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு ஓடும், வெளியே மீன்காரன் கத்துவான், அந்த இரைச்சலுக்குள் நின்று இவள் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

எழுத்துக் கூட்டி வாசிப்பதை அவள் வாசிப்பென்று ஏற்றுக்கொள்வதில்லை. அதைக் கிளியும் செய்யும் என்பாள். இரண்டு பந்தியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது ஒன்று, எது வேறு என்று சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு அவளிடம் ஒரு சாமான் இருந்தது: பூத்தையல் போடுகிற மரவளையங்கள் இரண்டு. ஒரு காலத்தில் கலியாணம் பேசி முற்றாகி, தலையணை உறைக்குப் பூப்போட வாங்கியவை. மாப்பிள்ளை கனடா போனார். போனவர் போனவர்தான். உறை பாதிப் பூவோடு பெட்டிக்குள் கிடக்க, வளையங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தன.

மேசையில் இரண்டு வளையத்தையும் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல வைப்பாள். இடப்பக்கம் காகம், வலப்பக்கம் மைனா. புத்தகத்தில் இரண்டைப் பற்றியும் பந்தி உண்டு. பிள்ளைகள் வாசித்துத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொண்டுவந்து போட வேண்டும். காகத்துக்கு மட்டும் உரியது இந்தப் பக்கம், மைனாவுக்கு மட்டும் உரியது அந்தப் பக்கம், இரண்டுக்கும் பொதுவானது நடுவில். "ஆனால்", "போலவே", "அதைவிட" என்ற சொற்கள் எங்கே வந்தாலும் கீழே கோடு கீற வேண்டும். ஒப்பிடுகிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிற சொற்கள் அவைதான் என்பாள்.

ஒருமுறை நிரோஜினி என்ற பிள்ளை "காகம் கள்ளன், மைனா நல்லது" என்று எழுதிக் கொண்டுவந்தாள்.

"எங்க எழுதியிருக்கு? விரல் வை" என்றாள் சிவமணி.

பிள்ளை பந்தி முழுக்கத் தேடினாள். விரல் வைக்க இடமில்லை.

"எழுதேல்லை ரீச்சர். ஆனா எங்கட வீட்டில அம்மா அப்பிடித்தான் சொல்லுறவா."

"அம்மா சொன்னது அம்மாவின்ர. இதில என்ன இருக்கோ அதைச் சொல்லு. இல்லாட்டித் தெரியேல்லை எண்டு சொல்லு. தெரியேல்லை எண்டு சொல்லுறதில ஒரு வெட்கமும் இல்லை."

இன்னொரு நாள், பள்ளிக்கூட வாசலில் ஒரு பஸ் விளக்குக் கம்பத்தில் மோதியதைப் பிள்ளைகள் எல்லோரும் கண்டார்கள். அன்றைக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அதை எழுதச் சொன்னாள். ஒரு பிள்ளை சிவப்பு பஸ் என்றது, ஒன்று முகத்துவாரம் பஸ் என்றது, கம்பம் சரிந்தது என்றது ஒன்று, சரியவில்லை என்றது இன்னொன்று. ஸமீமாவும் அவள் பக்கத்தில் இருந்தவளும் மட்டும் ஒரு சொல்லும் பிசகாமல் ஒரே மாதிரி எழுதியிருந்தார்கள். இரண்டையும் சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டினாள்.

"ஒரு விசயத்தை ரெண்டு பேர் கண்டா ரெண்டு விதமாத்தான் சொல்லுவினம். ஒருத்தர் கம்பத்தைப் பாத்திருப்பார், ஒருத்தர் றைவரைப் பாத்திருப்பார். ஒரு சொல்லும் மாறேல்லை எண்டா ஒராள் காணேல்லை. மற்றவரைப் பாத்து எழுதினது" என்றாள். இரண்டு பேரும் பாடம் முடியும்வரை வாசலில் நின்றார்கள். பார்த்து எழுதுவதில் அவளுக்கு அப்படியொரு ஆத்திரம்.

இவ்வளவும் தெரிந்தவள்தான் சிவமணி. அதை மறக்காமல் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்க வேண்டும்.

ஜிந்துப்பிட்டியில், முருகன் கோயிலுக்குப் போகிற ஒழுங்கையொன்றில், இராமலெட்சுமி என்பவருடைய வீட்டு மேல்தட்டில் அவள் குடியிருந்தாள். ஒரு அறை, ஒரு குசினி மூலை, கீழே இறங்கினால் கிணறில்லாத ஒரு குளியலறை. இராமலெட்சுமி புருசனை இழந்தவர், விடியற்காலையில் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர். பிள்ளைகள் இல்லை. சிவமணியை "டீச்சர், டீச்சர்" என்று தலையில் தூக்கி வைத்திருந்தார். கொழும்பில் தமிழருக்கு அறை கொடுத்தால் பொலிசுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரர் எல்லாம் கதவைச் சாத்திய காலம் அது. பன்னிரண்டு வருடமாக அவர் ஒரு முகச்சுளிப்புக் காட்டியதில்லை, சும்மா சொல்லக்கூடாது.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு சிவமணியின் தம்பி யோகநாதன் வந்து சேர்ந்தான். தாய் தகப்பன் செத்து, அக்காவும் தம்பியும் மட்டும் மிஞ்சிய குடும்பம். அவளைவிடப் பதினாறு வயது இளையவன். யாழ்ப்பாணத்தில் இருந்து சனத்தோடு சனமாக வன்னிக்குப் போய், மல்லாவியில் ஒரு கூட்டுறவுக் கடையில் சீனி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவன். ஒரு பக்கம் இயக்கம் பிடித்துப் போகும், மற்றப் பக்கம் ஆமி பிடித்து அடைக்கும். நடுவில் நின்று ஒருவன் எத்தனை நாளைக்குச் சீனி நிறுக்கலாம்? ஆளைப் பிடித்து ஆளைப் பிடித்து மன்னார்ப் பக்கத்தால் வெளிக்கிட்டு, ஒரு மீன் லொறியில் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருந்து கொழும்புக்கு வந்தான். அவன் போட்டுவந்த சேட்டை மூன்று தரம் தோய்த்தும் நாற்றம் போகவில்லை. நாலாம் தரம் தோய்க்காமல் சிவமணி அதை அடுப்பில் போட்டாள்.

வன்னியில் இருந்து, வெளியேற அனுமதிக்கிற பாஸ் இல்லாமல், லொறியில் வந்தவன். இதை அப்படியே பொலிசில் சொல்ல முடியுமா? சொன்னால் அதற்கு மேல் கேள்வியே இல்லை, ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்றுதான் கொழும்பில் இருந்த தமிழ்ச் சனம் முழுக்க நம்பியது. ஆகவே எல்லா வீட்டிலும் நடந்தது இந்த வீட்டிலும் நடந்தது. ஒரு கதை கட்டினார்கள். வந்தவன் எங்கிருந்து வந்தான், ஏன் வந்தான், எதில் வந்தான் என்று வீட்டில் உள்ள எல்லோருக்கும் ஒரே கதை. கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அந்தக் காலத்தில் கதை பாடமாக்காத தமிழ் வீடு கிடையாது.

மற்ற வீடுகளில் ஏனோதானோ என்று கட்டினார்கள். சிவமணி ஒரு ஆசிரியை, அவள் ஒழுங்காகக் கட்டினாள். யோகநாதன் மூன்று வருடமாக வவுனியாவில் மாமாவின் இரும்புக்கடையில் நின்றவன். மாமா முறையான ஒருவர் அங்கே கடை வைத்திருந்தது உண்மை. கொழும்புக்குக் கம்பியூட்டர் படிக்க வந்திருக்கிறான். வெள்ளிக்கிழமை பின்னேரக் கோச்சியில் கோட்டை ஸ்டேஷனில் வந்து இறங்கினான். வரும்போது மாமா ஒரு குலை கதலி கொடுத்து விட்டார். கோச்சியில் நெரிசல், யாரோ பைக்கு மேலே இருந்துவிட்டார்கள், இரண்டு சீப்பு நசிந்துபோனது. நசிந்த பழத்தில் இராமலெட்சுமி வாய்ப்பன் சுட்டார்.

அந்த வாழைப்பழம் சிவமணியின் சொந்தச் சரக்கு. வெறும் கதை நம்பப்படாது, கையால் தொடக்கூடிய ஒன்று உள்ளே இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பிறகு பாடமாக்கல் தொடங்கியது. பின்னேரங்களில் தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தில் மூவரும் மேல்தட்டில் கூடுவார்கள். சிவமணி கேள்வி கேட்பாள், மற்ற இருவரும் பதில் சொல்ல வேண்டும். வகுப்பில் இருக்கிற அதே குரல்.

"எத்தினை சீப்பு நசிஞ்சது?"

"மூணு" என்றார் இராமலெட்சுமி.

"ரெண்டு, லெட்சுமியக்கா."

"மூணுன்னு சொன்னா என்னங்க டீச்சர்? வாழப்பழத்த யாரு எண்ணிப் பாத்தா?"

"ரெண்டு எண்டு தம்பி சொல்ல, நீங்கள் மூண்டு எண்டு சொன்னா மாட்டுப்படுவம். ரெண்டு. திருப்பிச் சொல்லுங்கோ."

"ரெண்டு" என்று அவர் திருப்பிச் சொன்னார்.

யோகநாதனும் சரியான மாணவன் அல்ல. "அக்கா, கோச்சி எத்தினை மணிக்கு வந்தது எண்டு கேட்டா எனக்கு ஞாபகமில்லை எண்டு சொல்லட்டே? எனக்கு உண்மையா ஒண்டும் ஞாபகம் நிக்கிறேல்லை" என்றான்.

"விசர்க் கதை கதையாத. ஞாபகமில்லை எண்டா சந்தேகப்படுவாங்கள். அஞ்சரை. சொல்லு."

"அஞ்சரை."

இப்படிக் கிழமைக்கணக்கில். இடியப்ப உரலைக் கழுவிக்கொண்டே இராமலெட்சுமி கதையை முணுமுணுப்பார். வெள்ளிக்கிழமை, பின்னேரக் கோச்சி, அஞ்சரை, ஒரு குலை கதலி, ரெண்டு சீப்பு. படிப்பு வாசனை அதிகம் இல்லாத அந்த மனுசி, கந்தசஷ்டி நோன்பு பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் மூவரும் ஒரு சொல் பிசகாமல் சொல்லக்கூடிய நாள் வந்தபோது சிவமணிக்கு உச்சி குளிர்ந்தது. இனி யார் வந்தாலும் வரட்டும் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்த புது ஆளைப் பதியப் போனபோது பொலிசிலும் அதே கதையைச் சொல்லிப் பதிந்தாள். ஒரு கரைச்சலும் வரவில்லை.

தம்பி கம்பியூட்டர் வகுப்புக்குப் போய் வந்தான். கன்னத்தில் கொஞ்சம் தசை வைத்தது. கோட்டைப் பக்கம் போகும்போது எந்தச் சோதனைச் சாவடியில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று பழகிக்கொண்டான். இவன் ஒருத்தன் உயிரோடு, கைகால் முழுசாக, எந்தக் கூட்டுக்குள்ளும் அகப்படாமல் நின்றால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சிவமணி கோயிலில் நேர்ந்து வைத்திருந்தாள். அவளுக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அவன் வந்து நாலாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பொலிசார் ஒழுங்கையை வளைத்தார்கள். நகரத்தில் எங்கோ ஒரு குண்டு வெடித்த கிழமை அது, எதிர்பார்த்திருந்ததுதான். வீடு வீடாக வந்தார்கள். இந்த வீட்டுக்கு வந்த அதிகாரி நடுத்தர வயதுக்காரர், கண்ணாடி போட்டவர். சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகக் கதைத்தார். மட்டக்களப்பில் வேலை பார்த்ததாகத் தானாகவே சொன்னார். ஒருவரையும் அதட்டவில்லை. இராமலெட்சுமி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தார்.

மூவரையும் பிரித்தார். இராமலெட்சுமியிடம் குசினியில் கேட்டார், யோகநாதனிடம் மேல்தட்டில் கேட்டார், கடைசியாகச் சிவமணியிடம் முன்னறையில் கேட்டார். வெள்ளிக்கிழமை, பின்னேரக் கோச்சி, அஞ்சரை, ஒரு குலை கதலி. அவள் நிதானமாகச் சொன்னாள்.

"வாழைப்பழம் நல்லா வந்ததா டீச்சர்?" என்று கேட்டார்.

"யாரோ பைக்கு மேல இருந்திட்டினம் சேர். ரெண்டு சீப்பு நசிஞ்சு போச்சு."

"நசிஞ்சத வீசிட்டீங்களா?"

"இல்லை, வாய்ப்பன் சுட்டம்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டீச்சர், போன வெள்ளிக்கிழமை வீட்டில என்ன சமைச்சது எண்டு கேட்டா நான் ஒண்டு சொல்லுவன், என்ட பெண்சாதி வேற ஒண்டு சொல்லுவா. சண்டையும் வரும். இங்க நாலு மாசத்துக்கு முந்தி நசிஞ்ச வாழைப்பழம் மூணு பேருக்கும் ரெண்டு சீப்பு. கோச்சி மூணு பேருக்கும் அஞ்சரை. கோச்சியில வந்தது தம்பி மட்டும்தானே? குசினியில இருந்த அம்மாவுக்கு எப்பிடிக் கோச்சி வந்த நேரம் தெரியும்?"

அவர் குரலை உயர்த்தவே இல்லை. சிவமணிக்கு அவளுடைய சொந்த வாய் வகுப்பில் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. ஒரு சொல்லும் மாறேல்லை எண்டா ஒராள் காணேல்லை. இருபது வருடமாகச் சொல்லி வந்தவள். பிள்ளைகளை வாசலில் நிற்க வைத்தவள். இப்போது மூன்று கொப்பியையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குறுக்கே வெட்டிவிட்டார்.

"எங்களுக்குள்ள கதைச்சுக் கதைச்சு ஞாபகம் நிண்டிட்டுது சேர்" என்றாள். அது அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"இருக்கலாம்" என்றார் அவர். "விசாரிச்சிட்டு விடுவோம்."

யோகநாதனை ஜீப்பில் ஏற்றினார்கள். போகும்போது அவன் அக்காவைப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ, நான் மாத்திச் சொல்ல மாட்டன்" என்றான். அவள் மாற்றிச் சொல்லடா என்று கத்த நினைத்தாள். எதை மாற்றி, எப்படி மாற்றி என்று அவளுக்கே தெரியவில்லை. ஜீப் ஒழுங்கை முடக்கில் திரும்பியது.

பொலிசார் வவுனியாவுக்குக் கேட்டார்கள். மாமா வெலவெலத்துப்போய், அந்தப் பொடியனை இடப்பெயர்வுக்குப் பிறகு கண்ணாலேயே காணவில்லை என்று சொன்னார். பாவம், அவருக்கும் நாலு பிள்ளைகள். அதோடு கதை கிழிந்தது. பொய் சொன்னவன் என்றால் ஏதோ மறைத்தவன், மறைத்தவன் என்றால் எதை மறைத்தான்? விசாரிக்கிறோம் என்றது விளக்கமறியலாகி, விளக்கமறியல் தடுப்புக்காவலாகி, வழக்கும் இல்லை, விடுதலையும் இல்லை. சீனி நிறுத்துக் கொடுத்தவன் கம்பிக்குப் பின்னால் கிடந்தான்.

சிவமணி கிழமைக்கொரு தரம் போனாள். வாசலில் காத்திருந்து, பார்சலைக் குத்திக் குத்திச் சோதிக்கக் கொடுத்து, வலைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கதைத்தாள். ஒருநாள் அவனிடம் கேட்டாள்.

"தம்பி, உள்ளுக்கு இருக்கிறவையில முதலே உண்மையைச் சொன்ன ஆக்களும் இருக்கினமே?"

"இருக்கினம்."

"அவையை என்ன செய்தவங்கள்?"

"சிலபேரை ரெண்டு நாளில விட்டிட்டாங்கள். சிலபேர் எனக்கு முதலே வந்தவை, இன்னும் இருக்கினம்" என்றான் அவன். பிறகு, "அதை ஏன் கேக்கிறியள், விடுங்கோ" என்றான்.

அவள் விடவில்லை. விட முடியவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் மனதுக்குள் அந்த இரண்டு வளையத்தையும் வைத்தாள். ஒன்றில் நடந்ததெல்லாம் கிடந்தது. மற்றதில் அன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பது. அதில் போட அவளிடம் ஒரு துண்டும் இல்லை. இராமலெட்சுமி மூன்று சீப்பு என்று சொல்லியிருந்தால்? தம்பி ஞாபகமில்லை என்றிருந்தால்? அவனுக்குச் சொல்லத் தெரிந்தது, அந்த மனுசிக்கும் இயல்பாகச் சொல்லத் தெரிந்தது. அடித்துத் திருத்தியது அவள்தான். தன்மேல் வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு யன்னலோரம் இருப்பாள். பக்கத்தில் இருப்பவர்கள் எழும்பி வேறு சீற்றுக்குப் போவார்கள்.

இராமலெட்சுமி மட்டும் ஒன்றும் விளங்காமல் அழுதார்.

"நா ஒரு சொல்லு பெசகாம சொன்னேனே டீச்சர். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே சொன்னேனே. மொத மொற சரியாச் சொன்னேன். அப்பறம் ஏன் கொண்டு போனாங்க?"

"நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள்" என்றாள் சிவமணி. வேறு என்ன சொல்வது? ஆறு மாதமாக அந்தக் கேள்வியை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், இவளும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு அவள் ஒருநாளும் போகாமல் விடவில்லை. ஆனால் வளையங்களை எடுப்பதை நிறுத்தினாள். அலுமாரிக்குள் கிடந்து அவற்றில் தூசு படிந்தது. காகம், மைனா எல்லாம் மற்ற ஆசிரியைகள் படிப்பிக்கிற மாதிரி வாசித்து, கேள்விக்குப் பதில் எழுத வைத்து முடித்தாள். விரல் வை என்று சொல்வதையும் விட்டாள். பழக்க தோசத்தில் பிள்ளைகள்தான் வைத்தார்கள்.

மூன்றாம் தவணைச் சோதனை வந்தது. இரண்டு பந்தி கொடுத்து ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள்: புகையிரதப் பயணம், பஸ் பயணம். திருத்தும்போது இரண்டு விடைகள் ஒரே அச்சாக இருந்தன. ஸமீமாவும் நிரோஜினியும். ஒரே வசனம், ஒரே ஒழுங்கு, நெரிசல் என்ற சொல்கூட ஒரே இடத்தில். சிவமணி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கனநேரம் பார்த்தாள். கை சிவப்புப் பேனைக்குப் போகவில்லை.

அடுத்த நாள் இடைவேளைக்கு இருவரையும் நிற்கச் சொன்னாள். பிள்ளைகளுக்குத் தெரியும், வாசலில் நிற்க வேண்டி வரும் என்று. நிரோஜினி அழுவதற்கு ஆயத்தமாக வந்தாள்.

"ஆர் ஆரைப் பாத்து எழுதினது?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, சொல்ல வேண்டாம்" என்றாள் சிவமணி. பக்கத்து வகுப்பில் ஆள் இருக்கிறதா என்று கரும்பலகைக்கு மேலால் ஒருதரம் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள். "இஞ்ச பாருங்கோ ரெண்டு பேரும். பாத்து எழுதினா அப்பிடியே எழுதக் கூடாது. அவள் அஞ்சு எழுதினா நீ நாலு எழுது. அவள் முதல் சொன்னதை நீ கடைசியில சொல்லு. ஒண்டு ரெண்டை மறந்த மாதிரி விடு. ஒரு இடத்தில வேணுமெண்டு பிழையா எழுது. அப்பதான் நம்புவாங்கள்."

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவர்களுக்கு இவள் எங்கள் ரீச்சர்தானா என்று இருந்திருக்கும்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். "இப்ப இருந்து மாத்தி எழுதுங்கோ, நான் பாக்கிறன்."

ஸமீமா ஒன்றும் கேட்காமல் போய் வாங்கில் இருந்தாள். நிரோஜினி போகவில்லை. அவளுடைய சுட்டுவிரல், பழக்கத்தில், தாளின் முதல் வரிக்கு மேல் போய் நின்றது.

"ரீச்சர், அப்ப இது பொய்தானே?"

"ஓம்" என்றாள் சிவமணி. "விரலை எடுத்திட்டு எழுது."